பங்குனிப் புகை

என் மனைவி மனோன்மணி செத்த எட்டாம் நாள், எட்டுச் செலவுக்கு வந்தவர்கள் போனபின், அவள் பெற்றுவிட்டுப் போன பெண்பிள்ளையைப் புகையிலை நிறுக்கும் தராசில் வைத்தேன். நாலு இறாத்தல்கூட இல்லை. தட்டில் கிடந்தபடி அது அழவில்லை. மூச்சு விடுவதே அதற்குப் போதிய வேலையாக இருந்தது.

பங்குனி மாதம். உரும்பிராயில் பாதிப் பேர் வீட்டுக் கோடியில் குடில் போட்டுப் புகையிலைக்குப் புகை போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் குடிலில் தேங்காய்ப் பொச்சுமட்டை அணையாமல் பார்ப்பது மனோன்மணியின் பொறுப்பு. வயிறு முன்தள்ளிய பிறகும் குனிந்து உள்ளே போவாள். கண் சிவந்து, இருமிக்கொண்டு வெளியே வருவாள். ஆறாம் மாதத்திலிருந்து மாமி, அவளைப் பெற்றவர், அவளுடைய சாப்பாட்டைக் குறைத்தார். முட்டை இல்லை, மீன் இல்லை, இரவில் ஒரு கோப்பை கஞ்சி. தலைப்பிள்ளை வயிற்றில் பெருத்தால் தாய்க்கு ஆபத்து என்பது அந்த வீட்டுப் பெண்களின் நம்பிக்கை. நான் கேட்டபோது, காலேசில் படித்த ஆம்பிளைக்குப் பெண்டுகளின் கோப்பையில் என்ன வேலை என்று மாமி சிரித்தார். மனோன்மணியும் சிரித்தாள்.

"நான் வயிறு நிறையத் திண்டால், உங்கடை பிள்ளை உள்ளுக்கையே குடியிருந்திடும்" என்றாள்.

பிள்ளை சுகமாகத்தான் பிறந்தது. மருத்துவிச்சி மாமியைப் புகழ்ந்தாள். அதன்பின் இரத்தம் நிற்கவில்லை. உடம்பில் இருந்ததே கொஞ்சம் என்று, பிந்தி வந்த டாக்குத்தர் சொன்னார்.

பிள்ளையை யாழ்ப்பாணம் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகப் போகிறேன் என்றேன். முப்பத்தோராம் நாள் தீட்டுக் கழியாமல் பிள்ளை படி தாண்டக்கூடாது என்று மாமி வாசலில் நின்றார்.

"துடக்கோடை வெளிக்கிடக் கூடாது, தம்பி. என்ரை பிள்ளை போயிட்டாள். இதையும் சாகக் குடுக்கப் போறியளோ?"

"இஞ்சை இருந்தால் தப்புமோ, மாமி?"

அவர் குடிலைப் பார்த்தார். அன்று பொச்சு மூட்டியது அவர்தான். கை கரியாக இருந்தது. அந்தக் கையால் பிள்ளையின் நெற்றியைத் தொடப் போய், நிறுத்தி, சேலையில் துடைத்துக்கொண்டு விலகினார்.

வண்டிலில் ஏறினேன். வழி நெடுக ஒவ்வொரு வேலிக்கு மேலாலும் புகை எழுந்து, தெருவில் தாழ்ந்து கிடந்தது. சால்வையால் பிள்ளையின் முகத்தை மூடினேன். மூச்சு முட்டுமே என்று எடுத்தேன். அடுத்த வேலி வந்தது. மறுபடி மூடினேன். துணி அசைகிறதா என்று பார்த்தேன். வண்டில் குலுங்கியதில் எல்லாமே அசைந்துகொண்டிருந்தது.