சமூக சேவகருக்கு விழுந்த ஓட்டு

புதுச்சேரியில் சமூகப் பணி படிக்கிறேன் என்று சொல்வதில் ஒரு வம்பு இருக்கிறது. வில்லியனூரிலிருந்து பாகூர் வரை பேனர்களில் கைகூப்பிச் சிரிக்கிறவர்கள் எல்லாருமே 'சமூக சேவகர்'கள்தான். அதனால் ஆரோக்கியசெல்வி அந்தப் படிப்பில் சேர்ந்த அன்றே தெரு அவளை வேட்பாளர் ஆக்கிவிட்டது. "எந்தத் தொகுதிம்மா?" என்று கேட்காத ஆள் இல்லை.

தெரு கேலி செய்தால் போகட்டும். அப்பா மரியதாஸுக்கே சந்தேகம். "படிச்சு முடிச்சா இன்னா வேலை? எனக்குப் புரியற மாதிரி சொல்லு. சொல்லிட்டீன்னா ரெண்டாவது வருஷமும் படி. இல்லன்னா நிறுத்திட்டு கம்பெனிக்குப் போ" என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம், பள்ளிக்கூடத்தில் ஆலோசகர், குழந்தைகள் பாதுகாப்பு என்று அவள் அடுக்கினாள். "அங்கெல்லாம் போயி இன்னா செய்வ?" என்றார். அவள் பாடப்புத்தகத்தைப் புரட்டினாள்; அப்பாவுக்குப் புரிகிற மாதிரி ஒரு வரிகூட அதில் இல்லை. படிப்பு கையை விட்டுப் போய்விடுமோ என்று பயந்தே போனாள்.

அந்தப் பயத்தோடுதான் களப்பயிற்சிக்குக் குருவிநத்தம் போனாள். முதல் நாள், முதல் வீடு. பயத்தையும் மீறி மனசு துள்ளியது. அந்த வீட்டுப் பெரியவர் அய்யனார் பக்கவாதத்தில் படுத்தவர். தடி ஊன்றி நடக்கலாம் என்று டாக்டர் சொல்லி மாதக்கணக்காகிறது. காலை இழுத்து இழுத்து நடப்பதை ஊர் பார்த்துச் சிரிக்கும் என்று மனிதர் கட்டிலை விட்டு இறங்குவதில்லை. அவரிடம் பேசிப் பேசியாவது நடக்க வைக்க வேண்டும். அதுதான் ஆரோக்கியசெல்விக்குக் கொடுத்த வேலை.

வாசலில் அவர் மனைவி காசம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"காலேஜ்லேருந்து வரேம்மா. சோஷியல் ஒர்க்."

காசம்மாள் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "இந்தாய்யா, யாரோ சமூக சேவகராம், வூட்டுக்கே வந்துட்டாங்க!"

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. "ஓட்டு கேக்க வந்துட்டாங்களா? நிக்கச் சொல்லு அங்கியே! வாய்க்கால் தூர் வாரித் தரேன்னு போன தபா சொன்னீங்களே, வாருனீங்களா?"

'நான் கட்சி இல்லைங்க' என்று சொல்லத்தான் ஆரோக்கியசெல்வி வாயைத் திறந்தாள். அதற்குள் உள்ளே தடி ஊன்றும் சத்தம் கேட்டது. திறந்த வாய் மூடவில்லை. ஒரே ஓட்டமாக உள்ளே ஓடி, அவருடைய இழுக்கும் கால் பக்கமாகப் போய் நின்று, விழுந்தால் பிடிக்கத் தோதாகக் கையை நீட்டிக்கொண்டாள். பெரியவர் திட்டிக்கொண்டே வந்தார், நிலைப்படியில் வந்து நின்றும் திட்டினார். அவளுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

"நான் திட்டிக்கினு இருக்கேன், நீ இன்னா சிரிக்கிற?"

"ஐயா, நீங்க வாசலுக்கு நடந்து வந்துட்டீங்க! நான் ஓட்டு கேக்க வரலிங்கய்யா. உங்கள நடக்க வைக்கத்தான் வந்தேன்."

அய்யனார் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். காசம்மாள் மடியிலிருந்த கீரையெல்லாம் தரையில். எதிர்வீட்டில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அவர் முகம் சுருங்கியது. உள்ளே திரும்பிவிடுவாரோ என்று ஆரோக்கியசெல்வி இன்னும் நெருங்கி நின்றாள்.

"பாத்தா பாக்கட்டும்" என்றார் அய்யனார். "நாளைக்கும் வா பொண்ணு. திட்டுறதுக்கு இன்னும் நெறைய பாக்கி இருக்கு."

அவர் வாசலில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்ததும் அவள் அப்பாவுக்குப் போன் போட்டாள். மூச்சு வாங்கியது.

"அப்பா, இன்னா வேலைன்னு கேட்டியே! படுத்துட்டவங்க எழுந்து வாசலுக்கு வர்ற வரைக்கும் பக்கத்துல நிக்கிற வேலைப்பா. ஆஸ்பத்திரியில நின்னாலும் அதான், முதியோர் இல்லத்துல நின்னாலும் அதான்!"

போனில் அப்பாவுக்கு வேறொரு குரலும் கேட்டது.

"யாரு அங்க கத்துறது?"

"எங்க பெரியவருப்பா! வாய்க்கால் எப்ப தூர் வாருவாங்கன்னு எதிர்வூட்டுக்காரரக் கேக்கறாரு!"

மரியதாஸ் சிரித்துவிட்டார். "சரி சரி, படி. என் ஓட்டு ஒனக்குத்தான்."