மூன்று சுற்று

சாமினி பிழைக்கமாட்டாள் என்று டொக்டர் தாரிகாவுக்குக் காலையிலேயே விளங்கிவிட்டது. விளங்கி என்ன? கொட்டாஞ்சேனையிலிருந்து ஓடிவந்து தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கிற சாமினியின் புருஷன் றெஜிக்கு அதை யார் சொல்வது? வெட்டினவள்தானே சொல்லவேண்டும்!

ஐந்து நாளைக்கு முன்னர் சாமினிக்குக் குடல்வாலை எடுத்தாள் தாரிகா. தொப்புள் வழியாகக் கமெரா, பக்கத்தில் இரண்டு துளை, நாற்பது நிமிட வேலை. குடல்வாலின் அடியைக் கட்டுகிற ஆயத்த நூல் வளையம் ஸ்டோர்ஸில் இரண்டு மாதமாக இல்லை. இல்லாவிட்டால் என்ன, அவள் கை சும்மாவா? வெளியிலேயே நூலில் சுருக்குப் போட்டு, துளை வழியாகத் தள்ளி இறுக்கிவிட்டாள். மூன்று சுற்று. ஆட்டுக்குடலில் செய்த பழைய நூலில் படிக்கிற காலத்தில் பழகிய கணக்கு அது. ஈரம் பட்டால் அந்த நூல் உப்பித் தானாகவே இறுகும். அன்றைக்கு நர்ஸ் நீட்டியதோ வழுவழுவென்ற நைலோன். உறையில் இருந்த பெயரைக் கண் வாசித்தது, கை வாசிக்கவில்லை. பின்னேரம் வெள்ளவத்தை வீட்டுக்குப் போய் இடியப்பமும் சொதியும் நிம்மதியாகத் தின்றுவிட்டுப் படுத்தாள், பாவி.

முந்தாநாள் சாமினிக்குக் காய்ச்சலும் வயிற்றுவலியும் ஏற, வயிற்றை மறுபடி திறந்தபோது முடிச்சு கழன்று கிடந்தது. வயிறெங்கும் அசுத்தம். எவ்வளவு கழுவியும் காரியம் கைமிஞ்சிவிட்டது. நேற்றுச் சிறுநீரகம் இரண்டும் நின்றன. இன்று எந்த மருந்துக்கும் இரத்த அழுத்தம் ஏறவில்லை.

"கிருமி பரவிட்டுது" என்று சொல்லித் தப்பலாம். பொய்யுமில்லை. ஆனால் றெஜியின் முகத்தைப் பார்த்ததும், சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"றெஜி, இனி எங்களால ஏலாது. நான் உள்ள கட்டின முடிச்சு வழுக்கிட்டுது. என்ரை பிழைதான்."

அவன் கத்துவான், அடிக்கக்கூடக் கை ஓங்குவான் என்று எதிர்பார்த்தாள். அவன் துறைமுகத்தில் கப்பல்களைக் கரையோடு கட்டுகிறவன். இருபது வருடமாகக் கயிறுதான் அவனுக்குச் சோறு போடுகிறது.

"என்ன கயிறு, டொக்டர்?"

"நைலோன் நூல்."

"எத்தினை சுத்து?"

"மூண்டு."

அவன் விரலால் காற்றில் மூன்று தரம் சுற்றிப் பார்த்தான்.

"தும்புக்கயிறெண்டா நனைய நனைய இறுகும். நைலோன் வழுக்குமே, இன்னும் ரெண்டு சுத்துப் போடவேணுமே! ஐயோ, என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே டொக்டர். அண்டைக்கு நான் தியேட்டர்க் கதவடியிலதானே நிண்டனான்."