நாய்க்குப் போன பாட்டு

நாடகத்தைப் பாஸ்டனில் சில நாள் ஓட்டிப் பார்த்து, வெட்டி ஒட்டி, அப்புறம்தான் நியூயார்க்கில் மேடையேற்றுவார்கள். அதற்குள் யாருடைய பாட்டு யார் வாய்க்குப் போகும் என்பது கடவுளுக்கே தெரியாது. இத்தனை வருஷமாகப் பாட்டெழுதும் சிட்னி லாஸ்கருக்கு இது தெரியாத சங்கதியா? ஆனாலும் புதன்கிழமை காலையில் இயக்குநர் காஸ்லோ சொன்னதைக் கேட்டதும் அவனுக்குத் தலை சுற்றியது.

"கதாநாயகன் அந்தப் பாட்டை ஆரம்பிச்சாலே ஜனங்க எழுந்து போகத் தொப்பியைத் தேடுறாங்கப்பா. அதை நாடகத்துல வர்ற கசாப்புக்கடைக்காரனுக்குக் கொடுத்துட்டேன்."

"அவனுக்கு ஜோடியே இல்லையேய்யா! யாரைப் பார்த்துப் பாடுவான்?"

"அவன் நாயைப் பார்த்து."

"யோவ், அது என் பொண்டாட்டிக்கு எழுதின பாட்டு! இன்னிக்கு மத்தியான ஆட்டத்துக்கு அவ வர்றா!"

"வரட்டுமே. நாய் பிரமாதமா நடிக்குது."

இந்த ஆளிடம் பேசுவதற்குப் பதில் சுவரில் முட்டிக்கொள்ளலாம்.

ஊரில் பாதிக் கல்யாணத்தில் சிட்னியின் வரிகளுக்குத்தான் பெண்ணும் மாப்பிள்ளையும் ஆடுகிறார்கள். அவன் மனைவி ஃபிரான்சின் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். நேரில் மன்னிப்புக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. ஆட்டத்துக்கு டிக்கெட் மட்டும் அனுப்பிவிட்டு, கதாநாயகன் அந்தப் பாட்டை உருகிப் பாடுவான், அவள் மனம் இளகித் திரும்பி வருவாள் என்று நம்பிக்கொண்டிருந்தான். அதில்தான் மண் விழுந்தது.

மத்தியான ஆட்டத்தில், கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தான். கசாப்புக்கடைக்காரன் மண்டியிட்டு, "நீ போன வீட்டில் கரண்டிகூட என்னோடு பேசுவதில்லை" என்று பாட, நாய் நிதானமாகக் கொட்டாவி விட்டது. அரங்கமே அதிர்ந்தது. ஃபிரான்சின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாவிகளா, சிரிக்கிற பாட்டா இது?

ஆட்டம் முடிந்ததும் வாசல் கூடத்தில் அவளை மறித்தான்.

"ஃபிரான்சின், அது உனக்கு எழுதினது. அந்த மடையன் காஸ்லோ..."

"தெரியும். கரண்டி வந்ததுமே புரிஞ்சுபோச்சு."

"புரிஞ்சுமா சிரிச்சே?"

"பின்னே? நம்ம வீடுதானே அது! ஒருத்தர் பாடிக்கிட்டே இருக்கணும், இன்னொருத்தர் வாயைத் திறக்கக் கூடாது. அந்த நாயாவது கொட்டாவி விட்டுச்சு. நான் அதுகூடப் பண்ணலை."

"நான் எப்பவாவது உன்னை..."

"பாத்தியா, பேச விடுறியா? நான் ஏன் போனேன்னு இதுவரைக்கும் ஒரு தடவை கேட்டிருப்பியா?"

கேட்டதில்லை. பாட்டிலும் கேட்கவில்லை. பாட்டு முழுக்க அவன் படும் பாடுதான் இருந்தது. சிட்னிக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

அந்த நேரம் பார்த்து காஸ்லோ ஓடிவந்தான். "சிட்னி! நாய்ப் பாட்டுக்கு இன்னும் ரெண்டு சரணம் வேணும், ராத்திரி ஆட்டத்துக்கே!"

"நீயே எழுதித் தொலை!" என்று கத்தினான் சிட்னி. பிறகு அவள் பக்கம் திரும்பினான்.

"ஏன் போனே?"

மெய்யாகத்தான் கேட்கிறானா என்று அவள் கொஞ்ச நேரம் அவன் முகத்தைப் பார்த்தாள். கையுறையைக் கழற்றிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தாள்.

"உட்காரு, சொல்றேன். நடுவுல பேசினே, எழுந்து போயிடுவேன்."

சிட்னி உட்கார்ந்தான்.