எண்ணெய் விடக்கூடாத மெசின்

இரண்டாயிரத்து நாலில் என் கணவர் இசக்கிமுத்து வேலம்பாளையத்தில் கம்ப்யூட்டர் கடை போட்டார். அதற்கு முன் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் லிஸ்ட் அடித்துக்கொண்டிருந்தார். பாகங்களைக் கோயமுத்தூரில் வாங்கி வந்து, கேட்பவருக்கு வேண்டியபடி பூட்டிக் கொடுப்பதுதான் தொழில். “சீல் கிடையாது. மூடியத் தொறந்து நீங்களே பாத்துக்கிடலாம். எது போனாலும் அத மட்டும் மாத்திக்கிடலாம்” என்று எல்லாரிடமும் சொல்வார். எல்லாரும் தலையாட்டிவிட்டுப் பெரிய கம்பெனி மெசின் வாங்கப் போவார்கள்.

முதலில் நம்பியவர் சுப்பண்ணன். இரண்டு தெரு தள்ளிப் பனியன் கம்பெனி வைத்திருந்தார். அங்கே தையல் மெசின் மெக்கானிக்காக இருந்த காசிமாயன் அண்ணன்தான் சிபாரிசு செய்தார். அவர் உசிலம்பட்டிப் பக்கம். எங்களைப் போலத் தெற்கிலிருந்து பிழைக்க வந்தவர்.

“ஒண்ணு போடுங்க தம்பி. தீவாளி வரைக்கும் ஓடட்டும். நல்லா ஓடுச்சுன்னா ஆபீசுக்கு இன்னும் நாலு வேணுமுங்க” என்றார் சுப்பண்ணன்.

அந்த நாலு வந்தால் கடை நிற்கும். அவரைப் பார்த்து அந்தத் தெருவே வாங்கும். வராவிட்டால் கடையை மூடிவிட்டுப் பழைய வேலைக்குத்தான் போகவேண்டும்.

மெசின் நன்றாகவே ஓடியது. தீபாவளி நெருங்கியபோது காசிமாயன் அண்ணன் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். ஆன் ஆகவில்லையாம். என் கணவர் மூடியைக் கழற்றினார். போர்டு முழுக்க எண்ணெய். அதன்மேல் பனியன் பஞ்சு அடையாக அப்பியிருந்தது.

“ஃபேன் கீச்சு கீச்சுன்னு கத்துச்சுப்பா. நான்தான் ரெண்டு சொட்டு விட்டேன்.”

“ரெண்டு சொட்டா அண்ணே இது?”

“தெனம் காலையில ரெண்டு சொட்டு. ஓவர்லாக் மெசினுக்கு விடும்போது இதுக்கும் சேத்து விட்டுருவேன். நீ பூட்டுன மெசினாச்சே, நல்லா பாத்துக்கிடணும்ல?”

இவர் சிரித்துவிட்டார். எனக்கு அழுகைதான் வந்தது.

போர்டு பிழைக்கவில்லை. கடையில் ஆட்களுக்கு ஓட்டிக் காட்ட வைத்திருந்த எங்கள் மெசினின் போர்டைக் கழற்றி அதில் பூட்டினார். மறுநாள் டிவிஎஸ் ஐம்பதில் பின்னால் உட்கார்ந்து நான் மடியில் பிடித்துக்கொள்ள, கொண்டுபோய் வைத்து ஓட்டிக் காட்டினோம்.

“என்னாச்சுங்க தம்பி இதுக்கு?” என்று கேட்டார் சுப்பண்ணன்.

“எண்ணெ எறங்கிட்டு அண்ணாச்சி. இதுக்கெல்லாம் எண்ணெ விடக்கூடாது.”

“நான்தான் விட்டேன் ஓனர்” என்றார் பக்கத்தில் நின்ற காசிமாயன் அண்ணன், மறைக்காமல்.

சுப்பண்ணன் அவரைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ என் கணவரைத்தான் பார்த்தார்.

“ஏனுங் தம்பி, முப்பது வருசமா மெசினோட கெடக்கறேன். எண்ணெ விடாமக் கெட்ட மெசினப் பாத்திருக்கேன். எண்ணெ விட்டுக் கெட்டுப்போற மெசின இன்னைக்குத்தானுங்க பாக்கறேன்.”

“தீவாளி வருதில்லீங்க, மொதல்லயே எண்ணெ தேச்சுக் குளிச்சுப்போட்டுதாட்ட இருக்குது” என்றாள் தைத்த பனியனைச் செக்கிங் பார்க்கும் மேசையிலிருந்து அமராவதி. அதைச் சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். காசிமாயன் அண்ணனும் சிரித்தார்.

“கோவிச்சுக்காதீங்க தம்பி. இது இருக்கட்டும், ஊட்டுல பசங்க வெளையாடுவாங்க. ஆபீசுக்கு நாலும் பெரிய கம்பெனி மெசினே சொல்லீட்டனுங்க. அதைய ஆரும் தொறக்கவே முடியாதாமா” என்றார் சுப்பண்ணன்.

இவர் சரி என்றார். அவ்வளவுதான். சரி என்றார்.

திரும்பும் வழியில் வெறும் மடியோடு உட்கார்ந்துகொண்டு கேட்டேன். “ஒரு வார்த்த எதுத்துப் பேசுனா என்ன?”

“என்னத்தச் சொல்ல விஜயா? அவுக மெசினுக்கெல்லாம் அவுக சொல்லுதது சரிதான.”

“காசிமாயன் அண்ணன்கிட்டயாவது...”

“அந்த மனுசன் பிரியத்துல விட்டது.”

அவ்வளவு நியாயம் பார்க்கிற ஆள் எதற்குக் கடை போட்டீர்கள் என்று முதுகுக்குப் பின்னாலிருந்து கத்தினேன். முன்னால் ஒரு துணி லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நான் கத்தியது அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை; திரும்பிப் பார்க்கவும் இல்லை.

தை பிறந்ததும் கடையைக் காலி செய்தோம். அவர் பழைய கம்பெனிக்கே பேக்கிங் லிஸ்ட் அடிக்கப் போனார். நாலைந்து வருஷத்தில் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அந்தச் சண்டையை நான் இன்னும் முடிக்கவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது, பஸ்ஸில் போகும்போது, திரும்ப ஆரம்பித்துவிடுகிறேன். அவருடைய பதிலையும் நானே சொல்லவேண்டியிருக்கிறது. அவர் பதில்தான் ஒவ்வொரு தடவையும் ஜெயிக்கிறது. எனக்குக் கோபம் மட்டும் குறையவில்லை.