அண்ணன் புதுப்பித்துத் தந்த பாஸ்போர்ட்

அவளுடைய கணவனின் அண்ணனுக்குக் குடும்பத்துக்குள் ‘தூதர்’ என்று பெயர். கிண்டலுக்கு வைத்தது. அவர் காதில் விழுந்தபோது அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். ஊரை விட்டு வெளிநாடு வந்து ரொம்ப வருடமாயிற்று என்பதைத் தவிர விசா விஷயத்தில் அவருக்கு எந்தத் தகுதியும் இல்லை. ஏ.சி. உதிரிபாகம் விற்கும் கம்பெனியில் கிடங்கு மேற்பார்வையாளர். ஆனால் சோபாவில் சாய்ந்து, கால்மேல் கால் போட்டு, “பாஸ்போர்ட்ல ஆறு மாசம் பாக்கி இருக்கணும், தெரியுமில்ல?” என்று அவர் ஆரம்பிக்கும் தோரணையைப் பார்த்தால், அந்த விதியை எழுதிக் கையெழுத்துப் போட்டவரே அவர்தான் என்று தோன்றும். புதிதாக வந்து இறங்கியவர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். அவள் கணவன் வந்து இறங்கி நான்கு வருடமாகியும் இன்னும் வாயை மூடவில்லை.

அவனை அங்கே வரவழைத்ததே அவள்தான். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுக்கும் வேலை அவளுக்கு. அவனும் மூன்று வயது மகளும் அவளுடைய விசாவைத் தொற்றிக்கொண்டு இருப்பவர்கள். அவள் விசா போனால் மூவரும் பெட்டி கட்ட வேண்டியதுதான். இது அவனுக்கும் தெரியும். தெரிந்தும், வீட்டிலிருந்த மூன்று பாஸ்போர்ட்டையும் கொண்டுபோய் அண்ணன் வீட்டு இரும்பு அலமாரியில் வைத்திருந்தான். “அங்கதான் பத்திரம்” என்பான்.

அவளுடைய பாஸ்போர்ட் முடியப் போகிற சமயம், இரட்டை ஷிப்ட் முடிந்து கால் வீங்கி வந்த ஒரு நாள், கணவன் காகிதக் கட்டு ஒன்றை அவள் மடியில் வைத்தான்.

“என்னங்க இது?”

“ரினியூவல்தான். அண்ணன் எல்லாத்தையும் நிரப்பிட்டாரு. பென்சில்ல குறிச்ச இடத்துல கையெழுத்து போடு, போதும்.”

செருப்பைக்கூடக் கழற்றாமல் போட்டுக் கொடுத்தாள்.

புது பாஸ்போர்ட் தபாலில் வந்தது. சமையலறையில் நின்றபடியே உறையைக் கிழித்தாள். புகைப்படம் அவளுடையதுதான். குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவள் அப்பா பெயரைக் காணோம். கணவன் பெயர் இருந்தது. பட்டச் சான்றிதழ், ஆஸ்பத்திரி வேலைக்கான லைசென்ஸ், குடியிருப்பு அட்டை, சம்பளம் விழும் வங்கிக் கணக்கு, எல்லாவற்றிலும் அப்பா பெயர். இதில் மட்டும் புருஷன் பெயர்.

உடனே தூதருக்குப் போன் போட்டாள்.

“கல்யாணம் ஆயிட்டா புருஷன் பேருதாம்மா. சட்டமே அப்படி.”

“எந்தச் சட்டம் மாமா?”

“எல்லாச் சட்டமும்தான். நாளைக்கே குழந்தையோட ஏர்போர்ட்ல நிக்கிறே. பிள்ளை பேரு ஒண்ணு, அம்மா பேரு ஒண்ணுன்னா, கடத்திட்டுப் போறியான்னு கேப்பான். யோசிச்சுத்தான் செஞ்சேன்.”

“என்னைக் கேட்டீங்களா?”

“கேட்டா நீ குழம்புவே.”

போனை வைத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள். அவன் மகளுக்கு மும்முரமாகத் தலை சீவிக்கொண்டிருந்தான். அந்தக் குழந்தைக்கு இருந்த முடிக்கு அவ்வளவு நேரம் சீவ வேண்டியதில்லை.

“உங்களுக்குத் தெரியுமா?”

“அண்ணன் நல்லதுக்குத்தானே செஞ்சாரு...”

குடியிருப்பு அட்டையை அடுத்த மாதம் புதுப்பித்தாக வேண்டும். ஆஸ்பத்திரிப் பணியாளர் பிரிவில் இருந்த பெண்மணி பாஸ்போர்ட்டையும் லைசென்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். லைசென்ஸில் இருக்கும் ஆள் வேறு, பாஸ்போர்ட்டில் இருக்கும் ஆள் வேறு. சரியாகும்வரை நோயாளிப் பக்கம் போகக் கூடாது என்று தன்மையாகச் சொல்லி, சம்பளமில்லாத விடுப்பில் அனுப்பிவிட்டாள்.

தூதர் இதற்கும் வழி வைத்திருந்தார். “புதுசை ஏன் காட்டுனே? பழசையே காட்ட வேண்டியதுதானே?”

“அதை ரத்து பண்ணி மூலையை வெட்டி அனுப்பியிருக்காங்க மாமா.”

“வெட்டுன மூலையை விரலால மறைச்சுப் பிடிச்சுக்க.”

அதைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வருவதற்குக்கூட எதிரில் ஓர் ஆள் வேண்டும். மூலையை விரலால் மறைக்கச் சொல்லும் மனிதரிடம் தன் பிழைப்பைத் தூக்கிக் கொடுத்த கணவனைத்தான் அன்று அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கூசியது.

இரவு தானே உட்கார்ந்து தூதரகத்தின் இணையதளத்தைப் படித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றுவது அவரவர் விருப்பம், கட்டாயமில்லை என்று பச்சைப் பிள்ளைக்கும் புரிகிறாற்போல் எழுதியிருந்தது. பழையபடி மாற்ற என்னென்ன வேண்டும் என்பதும் இருந்தது. படித்து முடிக்க ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. தூதர் இத்தனை வருடத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

தூதரகத்துக்கு நேரம் கிடைத்த அன்று, வர வேண்டாம் என்று சொல்லியும் தூதர் கோட்டு போட்டுக்கொண்டு வந்து நின்றார். கணவன் இருவரையும் வாசலில் இறக்கிவிட்டுக் கார் நிறுத்த இடம் தேடிப் போனான். இவர்கள் டோக்கன் எடுத்து, காத்திருந்து, கவுண்ட்டருக்குப் போகும்வரை அவனுக்கு இடம் கிடைக்கவில்லை.

“வணக்கம் மேடம். சின்னக் குழப்பம். நான் விளக்குறேன்...” என்று தூதர் கண்ணாடித் தடுப்பின்மேல் சாய்ந்தார்.

“பாஸ்போர்ட் யாரோடது?” என்றாள் அதிகாரி.

“என்னோடது” என்றாள் அவள்.

“இவர்?”

“வீட்டுக்காரரோட அண்ணன்.”

“சார், நீங்க போய் உக்காருங்க.”

“இல்ல மேடம், இந்த விஷயமெல்லாம் நான்தான்...”

“உக்காருங்க சார்.”

அவர் நகர்ந்தார். முழுக்கப் போய்விடாமல், காதுக்கு எட்டும் தூரத்தில் ஒரு தூணோரம் நின்றார்.

“பேரை மாத்தச் சொல்லி நீங்கதானே கையெழுத்து போட்டிருக்கீங்க? இப்ப ஏன் வேண்டாங்கிறீங்க? காரணம் எழுதிக் குடுக்கணும். ரெண்டு பேருலயும் இருக்கறது ஒரே ஆள்னு உறுதிமொழியும் வேணும்.”

“உள்ளதை எழுதலாமா?”

“அதைத்தான் எழுதணும்.”

கணவனின் அண்ணன் தன்னைக் கேட்காமல் பெயரை மாற்றி நிரப்பினார் என்று எழுதத் தொடங்கினாள். தூணோரத்திலிருந்து தலை எட்டிப் பார்த்தது. “அப்படியெல்லாம் எழுதாதம்மா. குடும்ப மானம் என்னாகும்?”

அவள் பேனாவை நிறுத்தவில்லை.

அதிகாரி படித்துப் பார்த்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பித் தள்ளினாள். “படிச்சுப் பாக்காம கையெழுத்து போட்டேன்னு இதுல சேத்துக்குங்க. அவர் நிரப்புனாரு. போட்டது நீங்க.”

அவளுக்குச் சுருக்கென்றது. நியாயம்தான் என்று அதையும் எழுதினாள். ‘நான் நானேதான்’ என்பதற்கும் ஒரு கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு பெயரும் ஒருவரே என்று முத்திரை வைத்த கடிதம் அன்றே கிடைத்தது. அதை ஆஸ்பத்திரி ஏற்றுக்கொண்டது, வேலைக்குத் திரும்பினாள். குடியிருப்பு அட்டை தட்டுத்தடுமாறிப் புதுப்பிக்கப்பட்டது. பழைய பெயரோடு பாஸ்போர்ட் வந்து சேர்ந்த அன்றே தூதர் வீட்டுக்குப் போனாள். கணவன், மகள் பாஸ்போர்ட்டுகளைக் கேட்டாள். தூதர் இல்லை. அவர் மனைவிதான் அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். பிறகு இன்னொன்றையும் எடுத்துப் பிரித்து, தன் பழைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“இது எப்பவோ முடிஞ்சு போச்சுடி” என்றாள். “அவர்கிட்ட கேட்டா, பாத்துக்கலாம்னாரு.”

“அக்கா, நாளைக்கு லீவு போடுங்க. நான் கூட வரேன்.”

கணவனிடம் அவள் சண்டை போடவில்லை. பாஸ்போர்ட் இருக்கும் பெட்டியின் சாவியை மட்டும் அவனிடம் கொடுக்கவில்லை. அவனும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அவன்மேல் கொஞ்சம் மரியாதை வந்திருக்கும்.

சில மாதம் கழித்து ஒரு பிறந்தநாள் விருந்து. புதிதாக வந்த ஜோடி ஒன்றை உட்காரவைத்துத் தூதர் பேசிக்கொண்டிருந்தார்.

“கல்யாணத்துக்கப்புறம் பேரை மட்டும் மாத்திடாதீங்க. எங்க வீட்லயே ஒரு கேஸு. தூதரகத்துல பேசி, நான்தான் சரி பண்ணிக் குடுத்தேன்.”

அந்தப் பையன் தலையாட்டியபடி பாஸ்போர்ட் உறையை அவரிடம் நீட்டினான். பக்கத்திலிருந்த அவன் மனைவியிடம் அவள் குனிந்து சொன்னாள்: “அது உன்னோடதா? வாங்கி உன் கைப்பையில வச்சுக்க.”

“ஏங்க்கா?”

“இவர் சரி பண்ணுனதா சொல்ற கேஸு நான்தான்.”

அந்தப் பெண் நிமிர்ந்து தூதரைப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பையனின் மனைவி எழுந்து போய், அவர் விரல்களுக்கிடையிலிருந்து உறையை மெதுவாக உருவிக்கொண்டாள்.