தோருன் சந்தா கட்டுவதில்லை

ஈஸ்டர் விடுமுறையின் மூன்றாம் நாளும் பனிப்புயல் ஓயவில்லை. பனிச்சறுக்குக் கட்டைகள் சுவரில் சாத்தியது சாத்தியபடி நின்றன. மலைக்குடிலுக்குள் மூன்று பேர்: எஸ்கில், அவன் அக்கா குன்வோர், அவனோடு கல்லூரியில் படித்த தோருன். ஆரஞ்சு உரித்தார்கள். அடுப்பில் விறகு தள்ளினார்கள். கொண்டுவந்த துப்பறியும் நாவல்கள் இரண்டிலும் கொலைகாரன் யாரென்று குன்வோர் முன்கூட்டியே சொல்லித் தொலைத்துவிட்டதால் படிக்கவும் ஒன்றுமில்லை.

பேச்சை வீடியோ கேம் பக்கம் திருப்பியது தோருன்தான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவள் அவள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவளை நிறுத்த முடியாது.

"சந்தாங்கறது வாடகை மாதிரி. கட்டறதை நிறுத்தினா கையில ஒண்ணும் மிஞ்சாது. நான் டிஸ்க்தான் வாங்குவேன். அலமாரியில இருக்கும். எவனும் வந்து பிடுங்க முடியாது."

"அலமாரியில தூசியும் இருக்கும்," என்றான் எஸ்கில்.

"இருந்துட்டுப் போகட்டும், என் தூசி. நெட்ல சேர்ந்து ஆடறதுக்குன்னு தனியா பிடுங்கறான் பாரு, அதுதான் கொள்ளை. கேமுக்கும் காசு, நெட்டுக்கும் காசு, உள்ள நுழையறதுக்கு வேற காசா? காசு கட்டித்தான் ஆடணும்னா நான் ஆடவே மாட்டேம்பா."

எஸ்கில் ஆரஞ்சுத் தோலைச் சின்னச் சின்னதாகக் கிள்ளிக்கொண்டிருந்தான்.

குன்வோருக்கு இந்த விளையாட்டுகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அவள் பல் மருத்துவர். சொத்தை இருக்கும் இடம் அவளுக்குச் சட்டென்று தட்டுப்படும்.

"இரு, இரு. வியாழக்கிழமையானா நீங்க ரெண்டு பேரும் நெட்லதானே ஆடறீங்க? நான் கூப்பிட்டா இவன் போனையே எடுக்க மாட்டான். நீ காசு கட்டலைன்னா எப்படி ஆடறே?"

தோருன் அடுப்பைப் பார்த்தாள். "அது... எஸ்கிலோட சந்தாவுல."

"அடி சக்கை! வாடகை கொடுக்கறது தப்பு. அடுத்தவன் வாடகை கட்டற வீட்டுல குடியிருந்தா தப்பில்லையா?"

குன்வோர் சிரித்தாள். சீண்டும் சிரிப்புதான், விஷம் இல்லை. ஆனாலும் தோருனுக்குக் காது மடல்வரை சூடேறியது.

"குன்வோர், சும்மா இரேன்," என்றான் எஸ்கில்.

போன வருஷத்துக்கு முந்தின இலையுதிர் காலத்தில் தோருனுக்கு வேலை போயிற்று. அந்த வாரமே எஸ்கில் டிரான்ட்ஹைம் நகரில் அவள் அறைக்கு வந்தான். அவள் கேம் ஆடும் கருவியான கன்சோலில் தன் கணக்கைத் திறந்து, அதையே தன் 'வீட்டுக் கருவி' என்று பதிந்து வைத்தான். ஒரு கணக்குக்கு ஒரே ஒரு வீட்டுக் கருவிதான். அதில் யார் ஆடினாலும் கணக்குக்காரனின் சந்தா செல்லும். "வேலை கிடைக்கிற வரைக்கும்," என்று அன்றைக்குச் சொன்னவள் தோருன். அடுத்த வசந்தத்தில் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. எஸ்கில் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. அவனுக்கு இதனால் என்ன குறைந்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"சரி, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதீங்க. உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணு கொண்டுவந்திருக்கேன்." குன்வோர் தன் பையின் அடியிலிருந்து, கம்பளிச் சட்டையில் சுற்றிய பொதியை எடுத்து மேசைமேல் பிரித்தாள். எஸ்கிலின் கன்சோல்.

எஸ்கிலின் முகம் வாடிவிட்டது. "இதை எதுக்குத் தூக்கிட்டு வந்தே? வேண்டாமே."

"போன ஈஸ்டருக்கும் இதையேதான் சொன்னே. அதான் இந்த வாட்டி உன்னைக் கேக்கவே இல்லை. காரை நிறுத்தின இடத்துலேருந்து சறுக்குவண்டியில வச்சு நானே இழுத்துட்டு வந்தேனாக்கும். வயரை மாட்டு."

வேறு வழியில்லாமல் அவன் மாட்டினான். சின்னத் தொலைக்காட்சியில் விளையாட்டுகள் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றின் மூலையிலும் குட்டிப் பூட்டு. குன்வோர் ஒன்றை அழுத்தினாள். இணையத்தில் இணைந்து உரிமத்தைச் சரிபார்க்கச் சொன்னது. இன்னொன்றை அழுத்தினாள். அதுவும் அதையே சொன்னது. மலைமுகடு ஏறினால்தான் கைப்பேசிக்கே சிக்னல் வரும் இடம் அது.

"என்னடா இது? எல்லாம் நீ காசு கொடுத்து வாங்கினதுதானே?"

"வாங்கினதுதான்."

"அப்புறம் ஏன் திறக்க மாட்டேங்குது?"

"சர்வர்ல ஏதாவது கோளாறா இருக்கும்."

'பாத்தியா, டிஸ்க்கா இருந்திருந்தா...' என்று தொடங்கத் தோருன் வாயைத் திறந்துவிட்டாள். சொல் நாக்குநுனி வரை வந்து நின்றது. வீட்டுக் கருவியில் இந்தப் பூட்டு விழாது. இணையம் இல்லாவிட்டாலும் அதில் எல்லாம் திறக்கும். எஸ்கிலின் வீட்டுக் கருவி டிரான்ட்ஹைமில், அவள் கட்டிலுக்கு எதிரே இருக்கிறது.

"உன்கிட்ட எது ஒழுங்கா இருந்திருக்கு?" குன்வோர் பொரிந்து தள்ளினாள். "இடுப்பொடிய இழுத்துட்டு வந்தேன். முன்னாடியே எல்லாத்தையும் சரி பண்ணி வச்சிருக்கக் கூடாது? சோம்பேறி, சோம்பேறி!"

"சோம்பேறிதான்," என்று எஸ்கில் ஒத்துக்கொண்டு வயரைச் சுருட்டத் தொடங்கினான். தோருன் இருக்கும் பக்கம் அவன் பார்வை வரவே இல்லை. வராமல் பார்த்துக்கொண்டான். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், இதோடு முடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். வயர் முழுவதும் சுருட்டியாயிற்று. குன்வோர் பகடைக் குவளையை எடுத்து வந்து வைத்து, "சோம்பேறிக்குக் கடைசி முறை," என்றாள்.

"அவன் மேல தப்பில்லை," என்றாள் தோருன். "என்னாலதான் திறக்கலை."

தட்டுத்தடுமாறி முழுவதையும் சொன்னாள். குன்வோரின் முகத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது.

"வேலை கிடைச்சு ஒரு வருஷம் ஆச்சே. மறந்துட்டியா?"

சுலபமான சொல். குன்வோரே எடுத்துக் கொடுக்கிறாள்.

"இல்ல," என்றாள் தோருன். "ஞாபகம் இருந்துது."

புகைபோக்கிக்குள் காற்று இரைந்தது. தோருன் எஸ்கிலைப் பார்த்து, "நீயே உன் கன்சோல்லேருந்து மாத்தியிருக்கலாமே. ஒரு நிமிஷ வேலை. ஏன் மாத்தலை?" என்றாள். கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி அவன்மேல் பழி போடுவதுபோல் ஒலித்தது அவளுக்குப் புரிந்தது.

அவன் தோளைக் குலுக்கினான். "காசு கட்டித்தான் ஆடணும்னா ஆடவே மாட்டேன்னு நீ எப்பவும் சொல்லுவியே. மாத்திட்டா வியாழக்கிழமை நீ வராம போயிடுவேன்னு நினைச்சேன்."

குறையாக அவன் சொல்லவில்லை. நாளைக்கும் பனி பெய்யும் என்று சொல்வதுபோல் சொன்னான்.

அதெல்லாம் அவள் பேச்சுக்குச் சொன்னது. காபி ஆறும் வரை சொல்லிக்கொண்டிருக்க ஒரு அபிப்பிராயம், அவ்வளவுதான். இவன் அதை அப்படியே நம்பி, தன் விளையாட்டுகளைப் பூட்டி வைத்துக்கொண்டு, இரண்டு ஈஸ்டருக்குப் பொய் சொல்லியிருக்கிறான். அப்போதும் நான் வந்திருப்பேன் என்று சொல்ல நினைத்தாள். அது உண்மையும்கூட. ஆனால் அதை நம்பவைக்க அவள் கையில் என்ன இருந்தது?

"ஊருக்குப் போனதும் மாத்திடு. நானே சந்தா கட்டிக்கறேன்," என்றாள். "வியாழக்கிழமை வருவேன்."

"நிஜமாவா?" என்றான் எஸ்கில். அவன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அந்த முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியாமல் அவள் பகடைக் குவளையை எடுத்துக் குலுக்கத் தொடங்கினாள்.