ஐந்து கட்டங்களும் ஒரு மயிலை எருதும்

1

இக்கதை பிறந்த இடம் ஒரு வெற்றுக் கட்டம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

சென்னையிலிருந்து வரும் வார இதழொன்றின் குறுக்கெழுத்துப் போட்டியை நான் தவறவிடுவதில்லை. சென்ற வாரம் போட்டியை அமைத்தவர், தொழுவத்தையும் கோழிக்கூண்டையும் ஒருங்கே கட்டங்களுள் அடைத்துவிட்டார். ‘சேவலின் ஒலி, கிணறும் ஆம்’ என்பது ஒரு குறிப்பு. விடை, கூவல். ‘குதிரையின் ஒலி, பேசப் புகுவோர் தொண்டையில் எழுவதும் ஆம்.’ கனைப்பு. ‘பெட்டைக்கோழியின் ஒலி, வீண்பெருமைக்காரரின் பேச்சும் ஆம்.’ கொக்கரிப்பு. (இவ்விடத்தில் எனக்குத் தெரிந்த ஒருவரின் பெயரை எழுதி அடித்துவிட்டேன்.)

இறுதியாக வந்தது இது: ‘எருதின் ஒலி, திருவிழாவில் ஊதுவதும் ஆம், வென்றவர் இடுவதும் ஆம். ஐந்து கட்டம்.’

எக்காளம் என்று நிரப்பினேன். நிரப்பிய மை உலருமுன் பாவாயியின் எருது நினைவுக்கு வந்தது. எருது, வெற்றி, எக்காளம் ஆகிய மூன்றும் ஒரே கட்டத்துள் அடங்கும் கதையொன்று என் கையிலேயே இருக்கிறதே என மகிழ்ந்து, புதிய தாளை எடுத்தேன்.

2

முதல் தொடக்கம்:

“1937-ஆம் ஆண்டுப் பங்குனி வெயிலில் ஆட்டையாம்பட்டிச் சந்தைத் திடல் கொதித்துக்கொண்டிருந்தபோது, பாவாயியைக் கண்ட மயிலை எருது தலையை நிமிர்த்தி, எட்டுத் திசையும் அதிர எக்காள—”

நிறுத்திவிட்டேன். அந்த எருது அவ்வாறு செய்யவில்லை. நான் அங்கே நின்றேன்.

இரண்டாம் தொடக்கம்:

“பாவாயி என்பாள் கண்டார் வியக்கும் பேரெழில்—”

இதுவும் ஆகாது. அவளது உள்ளங்கைகள் வடம் பிடித்துக் காய்த்திருந்தன என்பதே எனக்குத் தெரியும். எஞ்சியவற்றை நான் நோக்கினேனல்லேன்.

ஆகவே வாசகரே, நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே சொல்லுகிறேன்.

பாவாயியின் கணவன் சென்னியப்பன் பனையிலிருந்து விழுந்து கையொடிந்து கிடந்தான். கிணற்றில் இரண்டு எருதுகளைப் பூட்டிக் கவலை இறைக்கும் வேலையைப் பாவாயியே செய்துவந்தாள். மாசியில் ஒரு நாள் விடியலில் அவ்விரண்டனுள் சாம்பல் பூத்த வெண்மையான மயிலை நிறத்ததனைக் காணோம். ஒற்றை எருதைக்கொண்டு, நீர் மொள்ளும் பெருங்கலமாகிய சாலை மேலேற்றுதல் இயலாது. கிணற்றில் நீர் கிடக்க, வயலில் ராகி தலைசாய்ந்தது. அவர்களுக்கு அவ்வாண்டின் சோறு அந்த ராகிதான்.

பங்குனிச் சந்தையில் வண்டியொன்றன் நுகத்தடியில் அவள் அதனைக் கண்டுவிட்டாள்.

3

வண்டிக்குரியவர் செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை ஏற்றும் தீர்த்தகிரி. இவரைப் பற்றி எனக்கு ஓர் ஐயம் உண்டு. கதைக்கு முறுக்கு மீசை வேண்டும். அவருக்கோ மீசையே இல்லை. சிரித்த முகம். சற்று முன்னர்தான் எனக்கு வெற்றிலை தந்திருந்தார். நல்ல வெற்றிலை.

மணியக்காரர் நாச்சிமுத்து புளியமரத்தடியில் வந்து அமர்ந்தார். முடிவை எழுத என்னை அருகில் இருத்தினார். எருதின் தொடையில் பழைய சூட்டின்மீது புதிய சூடு போடப்பட்டிருந்தமையால் அடையாளம் ஒன்றும் புலப்படவில்லை. கன்றுக்குட்டிப் பருவந்தொட்டுத் தம் வீட்டில் வளர்ந்தது என்றும், வண்டியன்றி வேறு வேலை அறியாதது என்றும், கிணற்றுப் பக்கமே போனதில்லை என்றும் தீர்த்தகிரி கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய முன்வந்தார்.

கூட்டத்தில் ஒருவன், உரியவள் அழைத்தால் எருது குரல்கொடுக்கட்டுமே என்றான். எல்லார்க்கும் அது நியாயமாகப் பட்டது. எனக்கும்தான்.

பாவாயி அழைத்தாள். எருது அசைபோட்டுக்கொண்டு நின்றது. மீண்டும் அழைத்தாள். அது வாலால் ஓர் ஈயை ஓட்டியது.

“ஏம்மா, உன் மாடு ஊமையா? இல்ல உன்னோட கோவமா?” என்றார் தீர்த்தகிரி. கூட்டம் சிரித்தது. பின்னர் அவர் நாவால் ஓர் ஒலி எழுப்பி, பருத்திக்கொட்டைப் பையை மெல்ல ஆட்டினார். எருது தலையை உயர்த்தி, “ம்மா” என்றது.

(இங்கேதான் குறுக்கெழுத்துக்காரர் என்னைக் கைவிட்டார். எருது ஒலித்தது; ஆனால் ஒலித்தது எதிர்க்கட்சிக்கு. இவ்வரியை நீக்கிவிட்டால் கதை அழகுறும். நீக்கேன்.)

மணியக்காரர் என்னை நோக்கித் திரும்பினார். நான் பேனாவை மையில் தோய்த்தேன்.

4

“கொஞ்சம் பொறுங்க சாமி,” என்றாள் பாவாயி. “தீனியக் காட்டுனா எந்த மாடும் கத்துமுங்க. அதெ நொகத்துல இருந்து அவுத்து உடச் சொல்லுங்க. கயித்த யாரும் புடிக்க வேண்டாமுங்க.”

“ஓடிப்போனா யார் பொறுப்பு?” என்றார் தீர்த்தகிரி.

“ஓடுனா உங்களுதுங்க. நா ஊட்டுக்குப் போயிர்றேன்.”

அவிழ்த்துவிட்டார்கள். அவள் எருதின் முன்னே போகவில்லை. பின்புறத்தில், சற்றுத் தொலைவில் போய் நின்றாள். பெயர் சொல்லி அழைக்கவுமில்லை. கிணற்றடியில் வழங்கும் தாழ்ந்த, இழுப்பான குரலில் சொன்னாள்:

“பொறத்தால... பொறத்தாலே வா சாமி...”

கவலை இறைப்பைக் காணாத வாசகருக்கு ஒரு விளக்கம். எருதுகள் வாரி என்னும் சரிவில் முன்னோக்கி இறங்கும்போது வடம் இழுபட்டு, சால் நீரோடு மேலே வரும். நீர் கொட்டியபின், அவை திரும்பாமலே பின்னடி வைத்துச் சரிவில் ஏறினால்தான் சால் மீண்டும் கிணற்றில் இறங்கும். வண்டி எருது கைகொண்டு தள்ளினால் ஓரடி இரண்டடி பின்வாங்கும். குரலொன்றற்கே சரிவு முழுதும் பின்னடந்து ஏறுவது கிணற்றெருது மட்டுமே.

மயிலை எருதின் செவிகள் பின்புறம் திரும்பின. அசைபோடுதல் நின்றது. வலப் பின்கால் தரையைத் துழாவிற்று. பின் ஓரடி வைத்தது; இன்னும் ஓரடி. கூட்டம் இரண்டாகப் பிளந்தது. பருத்திக்கொட்டைப் பையையும் அதனை ஆட்டிய கையையும் பார்த்தவாறே, அவற்றினின்றும் விலகி, தலை திரும்பாமல், திடலில் நேர்கோடு கிழித்தாற்போலப் பின்னோக்கி நடந்து சென்றது அவ்வெருது. யாரும் சொல்லாமல் ஓரிடத்தில் தானாகவே நின்றது.

“எங்க வாரியோட நீளம் அம்புட்டுத்தானுங்க,” என்றாள் பாவாயி. “அதுக்கு மேல போனா கெணறு.”

மணியக்காரர் எழுந்து எருதின் அருகே போய் நின்றார். பிறகு கேட்டார்: “ஏனப்பா தீர்த்தகிரி, கெணத்துப் பக்கமே போகாத மாட்டுக்கு, செவ்வாப்பேட்ட வீதியில பொறத்தால நடக்க ஆருப்பா பழக்கினது?”

தீர்த்தகிரி பையின் வாயை முடிச்சிட்டார். தமது வண்டியின் மறுபுறத்துக்குச் சென்று, ஒற்றை எருதோடு நின்ற நுகத்தடியை வெகு கவனமாகப் பார்வையிட்டார்.

அப்போது எழுந்தது ஓர் ஆரவாரம்! கொம்பூதுகிறவன் சந்தைக்கு வந்திருந்தான். அவனும் தன் பங்குக்கு ஊதினான். துண்டுகள் மேலே பறந்தன. எருது பாவாயிக்கே உரியது என்று நான் எழுதிக்கொண்டிருந்த தாளில் மைத்துளி சிந்திற்று, அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, நானும் படவில்லை.

அவ்வளவு எக்காளத்தின் நடுவிலும் எருது வாய் திறக்கவில்லை.

5

அடுத்த இதழ் வந்தது. விடை எக்காளமே என்று அச்சிட்டிருந்தார்கள். விடையில் பிழையில்லை. என் எருதுதான் கட்டத்துக்குள் நுழையவில்லை.

இனி முடிவு. என்னிடம் மூன்று இருக்கின்றன.

முதலாவது: அன்று மாலை, துணை எருதைக் கண்ட மாத்திரத்தில் மயிலை எருது ஊர் நடுங்க எக்காளமிட்டது.

இரண்டாவது: அது மௌனமாகவே நின்றது; கட்டிலிற் கிடந்த சென்னியப்பன் ஒடியாத கையைத் தூக்கிக் கூவினான்.

மூன்றாவது: ஒருவரும் ஒலிக்கவில்லை; கிணற்றின் உருளை மட்டும், பல நாள் காய்ந்திருந்ததனால் வீறிட்டு—

இம்மூன்றனுள் எதனையும் நான் கேட்டேனல்லேன். நான் போனது மறுநாட் காலையில். ஆதலின் அம்மாலை எழுந்த ஒலியை நீரே எழுதிக்கொள்ளும், வாசகரே. கட்டங்களை வெறுமையாகவே விட்டிருக்கிறேன்:

□ □ □ □ □

ஐந்து போதாவிடில் கோட்டைத் தாண்டி எழுதும். நான் வழக்காட மாட்டேன்.

ஒன்றை மட்டும் நிரப்ப உம்மை விடமாட்டேன். ராகி வயலுக்கு நீர் பாய்ந்ததா என்பதில் ஐயத்துக்கு இடமே இல்லை. மறுநாட் காலையில் வரப்பில் நின்ற என் செருப்பு இரண்டும் நனைந்துபோயின.